பன்றி வெளியேற்றும் சத்து: தீவனக் கணக்கும் அதன் நம்பகமும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 கிலோவுக்கு மேற்பட்ட பன்றிகளுக்கு 2,000 இடங்களுக்கு மேல் வைத்திருக்கும் பண்ணைகள், தம் பன்றிகள் எவ்வளவு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் வெளியேற்றின என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் எடுத்த முடிவு அதற்கான அளவுகளையும் வகுத்தது. கறிக்காக வளரும் பன்றியின் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 13 கிலோ நைட்ரஜன். பாஸ்பரஸ், பென்டாக்சைடாகக் கணக்கிட்டால், 3.5 முதல் 5.4 கிலோ. பண்ணையின் அனுமதியே இந்த எண்களோடு பிணைந்திருக்கிறது. எண்ணை எப்படிக் கண்டறிவது? எருவை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பகுத்துப் பார்க்கலாம். அல்லது பன்றி தின்ற தீவனத்திலிருந்து கணக்கிடலாம். இரண்டு வழிகளையும் அந்த முடிவு ஏற்கிறது. தீவனத்திலிருந்து தொடங்கும் வழியே மேலானது என்பது இதுவரையான ஆய்வுகளைப் பார்த்தபின் எனக்குத் தோன்றும் முடிவு. ஆனால் தீவன எடை சரியாக இருந்தால்தான் அது மேலானது. அந்த நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எருவை நேரடியாக அளப்பதுதானே நேர்மையான வழி என்று யாருக்கும் முதலில் தோன்றும். கொட்டிலின் இடைவெளி விட்ட தளத்துக்குக் கீழே மூன்று நான்கு மாதமாகத் தேங்கிக் கிடக்கும் கழிவைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். மேலே ரோமமும் தவிட்டுத் துணுக்குகளும் சேர்ந்து காய்ந்த ஆடை. அதற்குக் கீழே பழுப்பு நிறத் தண்ணீர். அதில் பெரும்பகுதி சிறுநீரும், கொட்டில் கழுவிய நீரும், ஒழுகும் குடிநீர்க் குழாய்கள் சேர்த்த நீரும்தான். அடியில் கோலை விட்டுக் கிளறினால் கனத்த சேறு தட்டுப்படும். பாஸ்பரஸின் பெரும்பங்கு அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. கலக்கி இயந்திரத்தை மணிக்கணக்கில் ஓட்டாமல் மேலிருந்து ஒரு வாளி மொண்டு அனுப்பினால் ஆய்வகம் தரும் பாஸ்பரஸ் அளவு உண்மைக்கு வெகு கீழே இருக்கும். நைட்ரஜனோ அதற்குள் அம்மோனியாவாகக் காற்றில் பறந்துகொண்டே இருக்கிறது. ஆய்வகம் சொல்வது வாளியில் இருந்ததைத்தான், பன்றி வெளியேற்றியதை அல்ல. திறந்த குழியானால் மழையில் எரு நீர்த்துப்போகும்; கோடையில் கெட்டிப்படும். லிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு அதோடு ஆடும்.

தீவன வழியின் வேர் பழையது. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டனில் 1843இல் ராதம்ஸ்டெட் ஆய்வுகளைத் தொடங்கிய ஜான் பென்னட் லாஸும், அவரோடு இணைந்து உழைத்த வேதியியலாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும், 1859இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாடு, கன்று, செம்மறி, பன்றி எனப் பத்து விலங்குகளின் முழு உடலையும், எலும்பு தோல் குடல் எதையும் விடாமல், பகுத்து அளந்தார்கள். அவற்றில் இரண்டு பன்றிகள்: ஒன்று இன்னும் கொழுக்காதது, மற்றொன்று கொழுத்தது. உடலில் என்ன தங்குகிறது என்று தெரிந்துவிட்டால், தின்றதிலிருந்து அதைக் கழித்து எருவுக்குப் போனதைச் சொல்லிவிடலாம். அவர்களுக்கு இது வெறும் அறிவியல் ஆர்வம் மட்டுமல்ல. குத்தகை முடிந்து வெளியேறும் உழவர், தான் விலைக்கு வாங்கிப் போட்ட புண்ணாக்கின் சத்தை நிலத்தில் விட்டுவிட்டுப் போகிறார். அதற்கு நிலக்காரர் என்ன தர வேண்டும் என்பது அன்றைய இங்கிலாந்தில் பெரிய வழக்கு. 1885இல் இருவரும் வெளியிட்ட எரு மதிப்பீடு இந்தக் கழித்தல் கணக்கின் மேல் நின்றது. அன்று குடியானவருக்கு வரவேண்டிய பணத்தைச் சொன்ன கணக்கு இன்று பண்ணையாளர் தாண்டக்கூடாத வரம்பைச் சொல்கிறது. நடுவில் எரு செல்வமாக இருந்த நிலை மாறிச் சுமையாகிவிட்டது.

கணக்குக்குத் தேவையான இன்னொரு கருவி டென்மார்க்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் பணியாற்றிய யோகான் கெல்டால், தானியத்தில் உள்ள நைட்ரஜனை அளக்கும் எளிய முறையை 1883இல் வெளியிட்டார். தீவன மூட்டையில் அச்சிடப்படும் ‘கச்சாப் புரதம்’ இன்றும் அந்த முறையின் வழிவந்த எண்தான். நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்கிறோம். நமக்குத் தேவை நைட்ரஜன் என்பதால் திரும்ப வகுத்துக்கொள்ளலாம்.

ஒரு பன்றியை எடுத்துக்கொள்வோம். 30 கிலோவில் கொட்டிலுக்கு வந்து 110 கிலோவில் வெளியேறுகிறது. 80 கிலோ ஏற்றம். கிலோ ஏற்றத்துக்கு 2.8 கிலோ தீவனம் தின்றால் மொத்தம் 224 கிலோ. தீவனத்தில் கச்சாப் புரதம் 16 சதவீதம் என்றால் ஒவ்வொரு கிலோவிலும் 25.6 கிராம் நைட்ரஜன், ஆக 5.73 கிலோ உள்ளே போயிருக்கிறது. உடல் ஏற்றத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 25 கிராம் நைட்ரஜன் தங்குகிறது என்பது பல நாடுகளின் அளவீடுகள் ஒத்துப்போகும் இடம். 25.5 கிராம் என்று கொண்டால் 80 கிலோவுக்கு 2.04 கிலோ. மிச்சம் 3.69 கிலோ வெளியே வந்துவிட்டது. தின்றதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு! ஒரே இடத்தில் ஆண்டுக்கு மூன்று சுற்று வளர்த்தால் 11 கிலோ. ஐரோப்பிய வரம்பின் மேல்பாதியில் போய் உட்காரும் எண் இது.

இந்தக் கணக்கில் எங்கே பிழை புகும் என்பதுதான் ஆய்வாளர்களை நெடுங்காலம் உழைக்க வைத்த கேள்வி. வெளியேறுவது இரண்டு எண்களின் வித்தியாசம். வித்தியாசத்தில் பிழை பெருகும். தீவன எடையை 5 சதவீதம் கூடுதலாக எழுதிவிட்டால் வெளியேறும் நைட்ரஜன் ஏறக்குறைய 8 சதவீதம் கூடிவிடும். உடலில் தங்கும் அளவை அதே 5 சதவீதம் தவறாகக் கொண்டாலோ விடை 3 சதவீதத்துக்கும் குறைவாகவே ஆடும். பன்றியின் உடலைப் பற்றிய நம் அறிவைவிடத் தீவனக் கிடங்கின் தராசு முக்கியம் என்று இதற்குப் பொருள். தொட்டியிலிருந்து சிந்திய தீவனம் வேறு இருக்கிறது. பன்றி அதைத் தின்னவில்லை. ஆனால் தளத்தின் இடைவெளி வழியே எருக்குழிக்குத்தான் போகிறது. எருவில் எவ்வளவு சத்து என்று கேட்பவருக்குச் சிந்தியதையும் சேர்த்த கணக்கே சரி. பன்றியின் செரிமானத்தை ஆய்பவருக்கு அதே கணக்கு தவறு. ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று பார்க்காமல் ஒப்பிடுவது பல வீண் வாதங்களுக்குக் காரணமாகியிருக்கிறது.

உடலில் தங்குவதை அளக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, பன்றியைச் சில நாட்கள் தனிக் கூண்டில் நிறுத்தி, மலத்தையும் சிறுநீரையும் முழுதாகச் சேகரிப்பது. சிறுநீர் விழும் கலத்தில் முன்கூட்டியே அமிலம் ஊற்றி வைப்பார்கள், அம்மோனியா பறந்துவிடக் கூடாதென்று. அப்படியும் கொஞ்சம் பறக்கும். கூண்டின் கம்பியில் ஒட்டும். உதிரும் ரோமத்தோடு போகும். தப்பியதெல்லாம் கணக்கில் ‘உடலில் தங்கியது’ என்ற பக்கத்தில் ஏறிவிடும். மற்றொன்று, லாஸும் கில்பர்ட்டும் செய்ததுபோல், தொடக்கத்தில் சில பன்றிகளையும் முடிவில் சில பன்றிகளையும் அறுத்து, முழு உடலை அரைத்துப் பகுப்பது. கூண்டு முறை தங்குவதைக் கூட்டிச் சொல்கிறது என்பது இரண்டையும் ஒப்பிட்டவர்கள் மீண்டும் மீண்டும் கண்டது. வெளியேற்றத்தைக் கணக்கிட அறுத்துப் பகுத்த எண்களே உகந்தவை. அந்த எண்ணும் எல்லாப் பன்றிக்கும் ஒன்றல்ல. நைட்ரஜன் தசையில் இருக்கிறது, கொழுப்பில் இல்லை. காயடிக்காத ஆண் பன்றி தசையை அதிகம் வளர்க்கும், காயடித்தது கொழுப்பை. அதனால்தான் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் 2005இல் வெளியிட்ட டி384.2 என்னும் தரநிலை, உடலில் தங்குவதைக் கணக்கிட இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் கொழுப்பற்ற இறைச்சியின் விகிதத்தையே கேட்கிறது.

அந்தத் தரநிலை ஒரு திருப்புமுனை. அதற்கு முந்தைய பதிப்புகள் ஆயிரம் கிலோ உயிர் எடைக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ நைட்ரஜன் என்று ஒரே எண்ணைத் தந்தன. தீவனத்தை மேம்படுத்திய பண்ணையும் கண்மூடித்தனமாகப் புரதத்தைக் கொட்டிய பண்ணையும் அந்தக் கணக்கில் ஒன்றே. 2005இல் தீவன உட்கொள்ளல், தீவனத்தின் புரதமும் பாஸ்பரசும், வளர்ச்சி ஆகியவற்றைக் கொண்ட சமன்பாடுகள் வந்தன. விவரம் இல்லாதவர்களுக்காக மட்டும் ஒரு மாதிரி மதிப்பு தரப்பட்டது: சுமார் 120 நாட்கள் வளர்ந்து முடியும் ஒரு பன்றிக்கு 4.7 கிலோ நைட்ரஜன், 0.76 கிலோ பாஸ்பரஸ். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமம் 2012இல் வெளியிட்ட பன்றிகளுக்கான சத்துத் தேவை நூலின் பதினோராம் பதிப்பு, தீவனத்தை வடிவமைக்கும் அதே கணினி மாதிரிக்குள் நைட்ரஜன், பாஸ்பரஸ், கரிமக் கணக்கையும் சேர்த்துவிட்டது. தீவனக் கலவை எழுதுபவர் விலையோடு கழிவையும் அதே திரையில் பார்க்க முடிகிறது. இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

கணக்கு தீவனத்தோடு கட்டப்பட்டதும், தீவனத்தை மாற்றினால் கழிவு மாறும் என்பதற்குக் கையில் எண் கிடைத்தது. மேலே கண்ட பன்றியின் தீவனத்தில் புரதத்தை 16லிருந்து 15 சதவீதமாகக் குறைத்தால் வெளியேறும் நைட்ரஜன் 3.69லிருந்து 3.34 கிலோவாகும். ஒரே ஒரு புள்ளிக்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு! வளர்ச்சி பாதிக்காமல் இது எப்படி முடிகிறது? பன்றிக்கு வேண்டியது புரதம் அல்ல, அமினோ அமிலங்கள். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் முதலில் தட்டுப்படுவது லைசின். அதை நிறைவு செய்யச் சோயாவைக் கூட்டினால் மற்ற அமினோ அமிலங்கள் எல்லாம் மிகையாகின்றன. மிகையான நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகிறது. லைசினை நுண்ணுயிர் நொதிப்பால் ஆலையில் உற்பத்தி செய்யும் வழியை 1950களில் ஜப்பான் கண்டது. பின்னர் திரியோனின், டிரிப்டோபேன், வேலின் என ஒவ்வொன்றாக விலை இறங்க, சோயாவின் பங்கைக் குறைக்க முடிந்தது. குறையும் நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீர் யூரியாவே என்பதால், அம்மோனியாவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைகிறது. மலத்திலுள்ள யூரியேஸ் நொதி சிறுநீர் யூரியாவைத் தொட்டதும்தான் அம்மோனியா கிளம்புகிறது. கொட்டிலுக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் அந்தக் காற்று அதுதான்.

வயதுக்கேற்பத் தீவனத்தை மாற்றுவது இன்னொரு வழி. 30 கிலோ குட்டிக்கு வேண்டிய புரத விகிதம் 100 கிலோ பன்றிக்கு வேண்டாம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தீவனம் போட்டால், குட்டிக்குப் பொருந்தும் அளவைப் பெரியதற்கும் போட்டு வீணடிக்கிறோம். பிரான்சின் வடமேற்கு மூலையில் உள்ள பிரிட்டனி இதற்கு அழுத்தமான சான்று. அந்நாட்டுப் பன்றிகளில் பாதிக்கு மேல் அங்கே வளர்கின்றன. வயல்களிலிருந்து வழிந்த நைட்ரேட் கடற்கரையில் பச்சைப் பாசியைக் குவித்தது. அழுகிய பாசியிலிருந்து எழுந்த ஹைட்ரஜன் சல்பைடு 2009 ஜூலையில் சென் மிஷேல் ஆன் கிரேவ் கடற்கரையில் ஒரு குதிரையைக் கொன்றது. கோர்பென் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பிரெஞ்சு நிபுணர் குழு, பழைய தீவன முறைக்கு ஓர் எண்ணும் இரு கட்டத் தீவனத்துக்குக் குறைந்த எண்ணும் வகுத்துத் தந்தது. மாறிய பண்ணைக்கு ஏட்டிலேயே பலன் கிடைத்ததால் அம்முறை பரவியது. பலன் தெரியும்படி கணக்கை அமைத்தால் உழவர் மாறுவார். இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம், பலரும் பேசாத தீவன மாற்றுத் திறனில் இருக்கிறது. அதே பன்றி 2.8 கிலோவுக்குப் பதில் 2.5 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ ஏறினால், புரத விகிதத்தைத் தொடாமலேயே வெளியேறும் நைட்ரஜன் 3.08 கிலோவுக்கு இறங்கும்; ஆறில் ஒரு பங்கு குறைவு. நோய் இல்லாத கொட்டிலும் ஒழுகாத தீவனத் தொட்டியும் சுற்றுச்சூழல் கருவிகளே.

பாஸ்பரஸின் கதை வேறு. தானியங்களிலும் புண்ணாக்குகளிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் பைட்டேஸ் நொதி பன்றியின் குடலில் போதுமான அளவு இல்லை. எனவே தீவனத்தில் பாஸ்பரஸ் நிறைய இருந்தும், எலும்புக்குப் போதாது என்று டைகால்சியம் பாஸ்பேட்டை மேலே சேர்த்தார்கள். பூட்டிய பாஸ்பரஸ் எருவில் போனது. சேர்த்ததில் மிஞ்சியதும் எருவில் போனது. தீவனத்தில் மொத்தம் 0.5 சதவீதம் பாஸ்பரஸ் என்றால் நம் பன்றி 1.12 கிலோ தின்கிறது. உடல் ஏற்றத்தில் கிலோவுக்கு 5.3 கிராம் என்ற கணக்கில் 0.42 கிலோ தங்குகிறது; பெரும்பங்கு எலும்பில். 0.70 கிலோ வெளியே. 1991இல் நெதர்லாந்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து எடுத்த பைட்டேஸ் விற்பனைக்கு வந்தது. எரு மலைபோல் குவிந்து திணறிய நாட்டில் அது முதலில் வந்தது தற்செயல் அல்ல. நொதி பூட்டைத் திறப்பதால் பாஸ்பேட் சேர்ப்பைக் குறைத்து மொத்தத்தை 0.4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், வெளியேறுவது 0.47 கிலோ ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. இங்கே பலர் தவறுகிறார்கள்: பைட்டேஸைச் சேர்த்துவிட்டுப் பாஸ்பேட்டைக் குறைக்காமல் விட்டால் கழிவில் கிட்டத்தட்ட எந்தக் குறைவும் இராது. கூடுதலாகச் செரித்த பாஸ்பரஸ் மலத்துக்குப் பதில் சிறுநீரில் போகும், அவ்வளவுதான். நொதியின் பெயரைப் பார்த்து எருக் கணக்கைக் குறைத்து எழுதும் ஆய்வாளர், மொத்தப் பாஸ்பரஸைப் பார்க்கவேண்டும்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் எச்சிலிலேயே பைட்டேஸ் சுரக்கும் மரபணு மாற்றப் பன்றியை உருவாக்கியது. மலத்தில் பாஸ்பரஸ் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் சந்தைக்கு வராமலே 2012இல் திட்டம் முடிந்தது. மூட்டையில் கலக்கும் மலிவான நொதி அதே வேலையைச் செய்துவிட்டது. டென்மார்க் பணத்தின் வழியில் போனது: தீவனத்தில் சேர்க்கும் தாதுப் பாஸ்பரஸுக்கு 2005இல் கிலோவுக்கு 4 குரோனர் வரி விதித்தது.

செரிக்காத திடப்பொருளின் கணக்கு நைட்ரஜன் அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆனால் சாண எரிவாயுக் கலன் கட்டுபவருக்கும் மீத்தேன் கணக்கிடுபவருக்கும் அதுவே முதல் எண். 224 கிலோ தீவனத்தில் உலர் பொருள் சுமார் 197 கிலோ. அதில் 84 சதவீதம் செரித்தால் மலத்தில் 31.5 கிலோ வரும். செரிமானம் 80 சதவீதமாக இறங்கினால் 39 கிலோவுக்கு மேல்! நான்கு புள்ளி குறைந்ததற்கு எருவின் திடப்பொருள் கால்பங்கு கூடிவிட்டது. அமெரிக்காவில் இது ஏட்டுக்கணக்கு அல்ல. எத்தனால் ஆலைகள் பெருகியதும் அவற்றின் மிச்சத் தானியமான டி.டி.ஜி.எஸ். மலிவாகிப் பன்றித் தீவனத்தில் நிறையப் புகுந்தது. அதில் நார் அதிகம். புரதம் சுமார் 27 சதவீதம். புரதமும் கூடியது, செரிமானமும் குறைந்தது. 2005ஆம் ஆண்டு மாதிரி மதிப்பை மட்டும் வைத்துக் குழி கட்டியவர்களின் குழி சிறியதாகிவிடும். தீவனச் சந்தை மாறும்போது பழைய அட்டவணை பொய்யாகும் என்பதற்கு இது போதும்.

அரசுகள் இக்கணக்கைக் கையாண்ட விதத்தில் டென்மார்க்கும் நெதர்லாந்தும் இரு துருவங்கள். டென்மார்க்கில் ஆர்ஹஸ் பல்கலைக்கழகம் நாட்டுப் பண்ணைகளின் உண்மையான தீவனப் பயன்பாட்டைத் திரட்டி, ஒரு பன்றிக்கு இவ்வளவு என்று நெறியளவை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. அதைவிடத் தன் தீவனம் மேல் என்று கருதும் உழவர் தன் சொந்த எண்களைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். நெதர்லாந்து 1998இல் மினாஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. பண்ணை வாசலுக்குள் வந்த சத்து எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, மிச்சத்துக்கு வரி. கருத்தளவில் அழகான ஏற்பாடு. ஆனால் பன்றிப் பண்ணையிலிருந்து வெளியே போகும் சத்தில் பெரும்பகுதி எரு லாரிகளில் போகிறது. அந்த லாரியில் எடுத்த மாதிரியை நம்பித்தான் கணக்கை முடிக்கவேண்டும். எருக்குழியின் பழைய தொல்லை வேறு கதவு வழியாக உள்ளே வந்தது. ஒன்றியத்தின் 1991 நைட்ரேட் நெறிமுறை ஹெக்டேருக்கு 170 கிலோ எரு நைட்ரஜன் என்று நேரடி வரம்பு விதிக்கிறது. வரி அதற்கு ஈடாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. 2006இல் மினாஸ் கைவிடப்பட்டது. என்னைக் கேட்டால் டேனிஷ் முறைதான் வழிகாட்டி.

தீவனக் கணக்கைச் சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. அதைப் பண்ணைகள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. பாஸ்பரஸ் காற்றில் பறக்காது. ஆகவே தீவனக் கணக்கு சொல்லும் பாஸ்பரஸும், நன்கு கலக்கி அளந்த எருவின் பாஸ்பரஸும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தீவனப் பதிவு தவறு, அல்லது அடிச்சேறு மாதிரியில் வரவில்லை. பொருந்திவிட்டால் அடுத்த பரிசு கிடைக்கிறது. நம் பன்றி வெளியேற்றியபோது நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் விகிதம் 5.3. குழியில் அளந்தபோது அது 3.7 என்றால், நைட்ரஜனில் 30 சதவீதம் காற்றில் போய்விட்டது என்று விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் சொல்லிவிடலாம். வயலுக்கும் இதே விகிதம் முக்கியம். மக்காச்சோளப் பயிர் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் எடுக்கிறது. நைட்ரஜன் இழந்த எருவைப் பயிரின் தழைச்சத்து (நைட்ரஜன்) தேவைக்கு நிரவிப் போட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஆண்டுதோறும் மண்ணில் ஏறிக்கொண்டே போகும்.

செம்பும் துத்தநாகமும் இதே கணக்கில் இன்னும் மோசம். தின்றதில் பத்தில் ஒரு பங்குகூட உடலில் தங்குவதில்லை. குட்டிகளின் கழிச்சலைத் தடுக்க மருந்தளவில் போட்ட துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியதற்கு, மண்ணில் சேரும் உலோகமும் ஒரு காரணம்.

இதெல்லாம் நமக்குப் பொருந்துமா? 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள். அசாமில் மட்டும் 21 லட்சம். பருவநிலைக்கான பன்னாட்டு அரசுக் குழு 2006இல் தந்த பொது அளவு, இந்தியத் துணைக்கண்டத்தின் கறிப்பன்றிக்குச் சராசரி எடை 28 கிலோ என்று கொள்கிறது. அது ஊர்ப்புறத்தில் அலையும் நாட்டுப் பன்றியின் எடை. அந்த அட்டவணைப்படி கணக்கிட்டால் ஆண்டுக்கு 4.3 கிலோ நைட்ரஜன் வரும். தமிழ்நாட்டின் வெண்பன்றிப் பண்ணைகளுக்கு அது ஒத்துவராது. அங்கே வேறொரு சிக்கலும் இருக்கிறது. ஐரோப்பாவில் சமையல் மிச்சத்தைப் பன்றிக்குப் போடத் தடை உண்டு; ஆகவே தீவனத்தின் சத்து மூட்டையிலேயே அச்சாகி வருகிறது. நம் பண்ணைகளில் பல, ஓட்டல், மண்டப மிச்ச உணவை நம்பி நடக்கின்றன. ஒரு நாள் சோறு, மறுநாள் சாம்பார், முகூர்த்த நாளில் பிரியாணி. கணக்கு எங்கே தொடங்குவது?

டிரம்மிலேயே தொடங்கலாம். 40 பன்றிகளுக்கு நாளொன்றுக்கு 200 கிலோ மிச்ச உணவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல நாட்களின் டிரம்களிலிருந்து கரண்டி கரண்டியாக எடுத்துச் சேர்த்து உலர்த்தினால் உலர் பொருள் 22 சதவீதம், அதில் புரதம் 18 சதவீதம் என்று வருகிறது எனக் கொள்வோம். ஒரு பன்றிக்கு 5 கிலோ உணவு, 1.1 கிலோ உலர் பொருள், ஏறக்குறைய 32 கிராம் நைட்ரஜன். நாளுக்கு 350 கிராம் எடை ஏறினால் 9 கிராம் தங்கும். 23 கிராம் வெளியே. ஒரு பன்றிக்கு ஆண்டுக்கு 8.3 கிலோ, பன்னாட்டு அட்டவணை சொல்வதைப்போல் இரு மடங்கு. நாற்பது பன்றிக்கு 330 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்து; ஆக 16 மூட்டை யூரியாவுக்கு ஈடான சத்து ஒரு சிறு பண்ணையிலிருந்து ஓராண்டில் வெளிவருகிறது. அதில் பாதி காற்றில் போனாலும் மிச்சம் சிறு தொகை அல்ல. இடத்தேர்வு சரியில்லாத பண்ணையில் அது பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். சரியாகத் திட்டமிட்டால் தீவனப்புல் வயலுக்குப் போகும். மிச்ச உணவோடு அரிசித் தவிடு சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் 1.5 சதவீதம் அளவுக்கு உண்டு. அதில் மிகப் பெரும்பங்கு பைட்டேட். தவிட்டைத் தாராளமாகப் போடும் பண்ணையின் எரு மணிச்சத்து நிறைந்ததாகவே இருக்கும்.

இதற்கு வெளிநாட்டுக் கருவி எதுவும் தேவையில்லை. டிரம்மை நிறுக்க ஒரு தராசு, பன்றி வரும்போதும் போகும்போதும் எடை, உலர்த்திய மாதிரியைப் பகுத்துப் பார்க்க ஓர் ஆய்வகம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் நாமக்கல்லில் இருக்கிறது. பண்ணைக்குக் கடனோ மானியமோ தரும்போது கொட்டிலின் நீள அகலத்தைக் கேட்கும் அதிகாரிகள், தீவன எடைப் பதிவேட்டையும் கேட்க வேண்டும். பண்ணையாளர்களும் யாரும் கேட்கும் வரை காத்திராமல் நாளைக் காலை டிரம் இறங்கியதும் அதை நிறுத்து எழுதி வைக்கத் தொடங்க வேண்டும்.